கார் ராலி: ஒரு சீசனின் கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

கோவைப் பக்கம் தேசிய ராலி சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்று நடந்து முடிந்தால், ஊரில் அதை மூன்று பெயர்களில் பேசுவார்கள். சிலருக்கு அது கார் பந்தயம். சிலருக்குக் கார் ரேஸ். அகராதியைப் புரட்டி எழுதுகிறவர்கள் 'கார் பேரணி' என்று எழுதிவிடுகிறார்கள். பேரணி என்றால் நமக்குக் கொடியும் கோஷமும் நீண்ட ஊர்வலமும்தான் நினைவுக்கு வரும். ரேஸ் என்றால் இருபது கார்கள் ஒரே நேரத்தில் சீறிக் கிளம்பி, வளைவில் ஒன்றையொன்று முந்துவது கண்முன் வரும். ராலியில் இந்த இரண்டுமே கிடையாது.

பல ஆண்டுகளாக ராலி பார்க்கப் போய்வருகிறேன். புதிதாக யாரைக் கூட்டிக்கொண்டு போனாலும், இரண்டு கார்கள் கடந்து போனதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இப்போது யார் முன்னால் போகிறார்கள்?" சாலையோரத்தில் நின்று வெறும் கண்ணால் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பது விளங்கிவிட்டால் ராலியில் பாதி விளங்கிவிடும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

## இரண்டு வகை மாட்டுவண்டிப் பந்தயம்

சிவகங்கை, மதுரை, தூத்துக்குடிப் பக்கம் நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்தில் வண்டிகள் ஒன்றாகக் கிளம்பும். தார்ச்சாலையில் எல்லைவரை போய்த் திரும்பி, முதலில் வந்து சேரும் வண்டிக்கு முதல் பரிசு. யார் முன்னால் இருக்கிறார் என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ரேக்ளா வேறு மாதிரி. அங்கே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். தூரம் 200 மீட்டர் அல்லது 300 மீட்டர். அந்த வண்டி எல்லைக்கோட்டைத் தாண்ட எத்தனை விநாடி ஆனது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு அடுத்த வண்டி. எல்லா வண்டிகளும் ஓடி முடித்த பிறகு, குறைந்த நேரம் எடுத்தவருக்குப் பரிசு. ஒரு வண்டி இன்னொன்றைத் தொடவும் வேண்டாம், முந்தவும் வேண்டாம். எதிராளி கடிகாரம்.

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவைக்கு அருகே கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் நடப்பது முதல் வகை. அதுதான் ரேஸ். ராலி முழுக்க முழுக்க இரண்டாவது வகை. ஒரு கார் கிளம்பி ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கழித்துத்தான் அடுத்த கார் கிளம்பும்.

ரேக்ளாவுக்கும் ராலிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ரேக்ளாவில் ஒரே ஓட்டம். ராலியில் வெவ்வேறு சாலைகளில் பல ஓட்டங்கள். அத்தனை ஓட்டங்களின் நேரத்தையும் கூட்டி, மொத்தம் யாருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர்.

இதே பெயரில் வேறு சிலவும் நடக்கின்றன. பழங்காலக் கார்களை அலங்கரித்து ஓட்டிக் காட்டும் விண்டேஜ் கார் ராலி ஒரு கண்காட்சி. குறிப்பிட்ட சராசரி வேகத்தைத் துல்லியமாகக் கடைப்பிடிக்க வேண்டிய டி.எஸ்.டி. ராலியில் வேகமாகப் போனால் தண்டனைதான் கிடைக்கும். பாலைவனத்தில் நாள்கணக்கில் ஓடும் டக்கார் போன்றவை ராலி ரெய்டு என்ற தனி வகை. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது அல்ல.

## ஒரு ராலிக்குள் இரண்டு வகைச் சாலை

மிகப் பெரிய குழப்பம் இங்கேதான். ராலிக் கார்கள் நாம் போகும் சாலையில் கண்மண் தெரியாமல் பறக்கும் என்று பலர் நினைக்கிறார்கள்.

உண்மையில் ஒரு ராலியின் பாதை இரண்டு வகைத் துண்டுகளால் ஆனது. முதலாவது ஸ்பெஷல் ஸ்டேஜ். சுருக்கமாக ஸ்டேஜ் என்பார்கள். முறையான அனுமதி பெற்று, பொதுமக்களுக்கு மூடிவைத்த சாலை அது. ஒரு ஸ்டேஜ் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கலாம், சில ராலிகளில் இருபதைத் தாண்டும். நேரம் கணக்கிடப்படுவதும் வேகமாக ஓட்டுவதும் இங்கே மட்டும்தான். இரண்டாவது, ஒரு ஸ்டேஜ் முடிந்து அடுத்த ஸ்டேஜுக்குப் போகும் இணைப்புச் சாலை. இது நீங்களும் நானும் போகும் சாதாரணச் சாலை. அதே ராலிக் கார் இங்கே சிக்னலில் நிற்க வேண்டும், லாரிக்கு வழிவிட வேண்டும், வேக வரம்பை மதிக்க வேண்டும்.

1998 நவம்பரில் உலக ராலி சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்று பிரிட்டனில் நடந்தது. பட்டத்துக்குப் போட்டியிட்ட பின்லாந்துக்காரர் டாமி மக்கினன், முதல் நாளே ஒரு ஸ்டேஜில் சாலையில் சிந்தியிருந்த எண்ணெயில் வழுக்கி, கான்கிரீட் கட்டை ஒன்றில் மோதிப் பின்சக்கரம் ஒன்றை இழந்தார். மூன்று சக்கரங்களோடு எப்படியோ ஸ்டேஜை முடித்துவிட்டு இணைப்புச் சாலைக்கு வந்தார். காவல்துறை அவரை மறித்து நிறுத்தியது. ஸ்டேஜுக்குள் மூன்று சக்கரத்தில் ஓட்டுவது அவருடைய துணிச்சல். பொதுச்சாலைக்கு வந்துவிட்டால் அது போக்குவரத்துக் குற்றம். உலக சாம்பியனுக்கும் அதில் விலக்கு இல்லை. (அந்தப் பட்டம் என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.)

இணைப்புச் சாலையிலும் கடிகாரம் உண்டு, வேறு விதமாக. ஒவ்வொரு ஸ்டேஜுக்கு முன்னாலும் நேரச் சோதனைச் சாவடி ஒன்று இருக்கும். டைம் கன்ட்ரோல் என்பது அதன் பெயர். காரில் இருப்பவர்கள் தங்களுக்குக் குறித்த நிமிடத்தில் அங்கே போய் டைம் கார்டு என்ற அட்டையை நீட்ட வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 10 விநாடி தண்டனை. முன்கூட்டியே நுழைந்தால் இன்னும் கடுமை: ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு முழு நிமிடம். பொதுச்சாலையில் விரட்டிக்கொண்டு வந்து யாரும் எதையும் சம்பாதித்துவிடக் கூடாது என்பதற்காகவே இப்படி வைத்திருக்கிறார்கள்.

நடுவில் சர்வீஸ் பார்க் என்ற திடலில் மெக்கானிக்குகள் காரைப் பழுது பார்க்கலாம். அதற்கும் இருபது, முப்பது நிமிடம் என்று அளந்த நேரம்தான். கியர்பாக்ஸைக் கழற்றி மாட்ட இரண்டு நிமிடம் கூடிவிட்டால், வெளியே வரும் சாவடியில் 20 விநாடி தண்டனை ஏறிவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மூன்று ஸ்டேஜ்கள். அன்பு எடுத்த நேரம் 9 நிமிடம் 40 விநாடி, 12 நிமிடம் 5 விநாடி, 9 நிமிடம் 32 விநாடி. பாலு எடுத்த நேரம் 9 நிமிடம் 44 விநாடி, 11 நிமிடம் 58 விநாடி, 9 நிமிடம் 34 விநாடி. மூன்றில் இரண்டு ஸ்டேஜ்களை வென்றவர் அன்பு. ஆனால் கூட்டிப் பாருங்கள். அன்புவுக்கு 31 நிமிடம் 17 விநாடி, பாலுவுக்கு 31 நிமிடம் 16 விநாடி. ராலியை ஒரு விநாடியில் வென்றவர் பாலு. அதே பாலு ஒரு சாவடிக்கு ஒரு நிமிடம் தாமதமாக வந்திருந்தால் 10 விநாடி கூடி, 9 விநாடியில் தோற்றிருப்பார்.

இதுவரை பார்த்தது: கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. மூடிய ஸ்டேஜில் எடுத்த நேரமும் தண்டனை விநாடிகளும் கூட்டப்படுகின்றன. மொத்தம் குறைந்தவர் வெல்கிறார். இணைப்புச் சாலையில் எல்லோரும் சாதாரண ஓட்டுநர்கள்.

## பக்கத்து இருக்கையில் இருப்பவர்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அதில் தினமும் பஸ் ஓட்டுகிறவருக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். ராலி ஓட்டுநருக்கு அந்த வசதி கிடையாது. போட்டிக்கு முன், சாதாரணக் காரில், கட்டுப்படுத்திய வேகத்தில், வழக்கமாக இரண்டே முறை அந்த ஸ்டேஜைப் பார்க்க விடுவார்கள். ரெக்கி என்பது இதுதான். அதற்குப் பிறகு அதே சாலையில் முழு வேகத்தில் போக வேண்டும்.

இரண்டு முறை பார்த்த சாலையை யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது. ஆகவே எழுதிக்கொள்கிறார்கள். ஓட்டுநர் ஒவ்வொரு வளைவையும் பார்த்துச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் நோட்டில் குறித்துக்கொள்கிறார். அந்தக் குறிப்புகளுக்கு பேஸ் நோட்ஸ் என்று பெயர். எழுதியவர் கோ-டிரைவர். போட்டியின்போது அவரே அதைத் தலைக்கவச மைக்கில் வாசிக்கிறார்: "ரைட் ஃபைவ், நூறு, மேடு, லெஃப்ட் த்ரீ இறுகும், உள்ளே கல்." ஐந்தாம் எண் வலப்பக்க வளைவு, பிறகு நூறு மீட்டர் நேர்ச்சாலை, மேட்டின் மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இடப்பக்க வளைவு, அது போகப்போகக் குறுகும், உள்விளிம்பில் கல் இருக்கிறது, ஒட்டிப் போகாதே. இவ்வளவும் இரண்டு விநாடியில் சொல்லியாக வேண்டும். பலருடைய முறையில் எண் குறையக் குறைய வளைவு கடுமை. ஒவ்வொரு ஜோடியும் தங்களுக்கென்று ஒரு முறை வைத்திருப்பதும் உண்டு.

பல்லடம் பக்கம் கேத்தனூரில் காற்றாலைகளுக்கு நடுவே ஓடும் மண்சாலைகள் கோவை ராலியின் பழகிய களம். ஒருமுறை அங்கே ஒரு வளைவைப் பார்த்த மேட்டில், மார்ஷல் (பாதையோரப் பாதுகாப்பைக் கவனிக்கும் பணியாளர்) காட்டிய இடத்தில் நின்றிருந்தேன். முதலில் சத்தம்தான் வந்தது. கார் எங்கே என்று தெரியவில்லை. பிறகு சோளக் காட்டுக்கு அப்பால் புழுதி எழுந்தது. வளைவுக்கு முன்பே கார் பக்கவாட்டில் திரும்பி, கதவை முன்னால் காட்டியபடி வழுக்கிக்கொண்டு வந்தது. ஓட்டுநரைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. என் கண்ணில் பட்டது அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். கார் அப்படிச் சுழன்று போகும்போதும் அவர் தலையை நிமிர்த்தவில்லை. மடியில் இருந்த நோட்டைப் பார்த்தபடியே போனார். இந்த வளைவு அவருக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. அடுத்ததற்கு அடுத்ததை வாசித்துக்கொண்டிருந்தார்.

டைம் கார்டைக் கையாள்வது, சாவடிக்குள் நுழைய வேண்டிய நிமிடத்தைக் கணக்கிடுவது, டயர் பஞ்சரானால் இறங்கி மாற்றுவது, இவையும் அவர் பொறுப்புதான். ராலியில் பட்டம் இருவருக்கும் கொடுக்கப்படுவது இதனால்தான். காசர்கோட்டைச் சேர்ந்த மூசா ஷெரீஃப் கோ-டிரைவராகவே பலமுறை தேசிய சாம்பியன் ஆனவர். ஓட்டுநரின் படத்தை மட்டும் போட்டு, பக்கத்து இருக்கைக்காரரின் பெயரை விட்டுவிடும் செய்திகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

## மண் யாருக்குச் சாதகம்?

இந்திய ராலிகளில் பெரும்பாலான ஸ்டேஜ்கள் மண்ணும் சரளையும்தான். கேத்தனூரின் வறண்ட மண் ஒரு வகை. சிக்கமகளூரு காப்பித் தோட்டங்களுக்குள் போகும் சாலை இன்னொரு வகை. நிழல், ஈரம், இருபுறமும் மரம். ஒரு கை அகலம் தவறினால் கார் செடிக்குள்தான் நிற்கும். கேத்தனூரில் வென்றவர் சிக்கமகளூருவிலும் வெல்வார் என்று சொல்ல முடியாது.

கிளம்பும் வரிசையும் முக்கியம். முதலில் போகும் கார் தளர்ந்த சரளையைத் துடைத்துக்கொண்டு போகிறது, அதன் டயருக்குப் பிடிப்புக் குறைவு. பின்னால் வருகிறவருக்குச் சுத்தமான தடம் கிடைக்கும், ஆனால் காற்று வீசாத நாளில் முன்னால் போனவரின் புழுதி அப்படியே நிற்கும். அதனால்தான் சில ஸ்டேஜ்களில் கார்களுக்கு இடையே விடும் நேரத்தைக் கூட்டுகிறார்கள்.

## சுற்றுகள் சேர்ந்தால் சீசன்

இதுவரை ஒரே ஒரு ராலியைப் பார்த்தோம். ஓர் ஆண்டில் வெவ்வேறு ஊர்களில் இப்படி நடக்கும் ராலிகளைச் சுற்றுகள் என்கிறார்கள். அத்தனை சுற்றுகளும் சேர்ந்தது ஒரு சீசன். இந்தியாவில் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு சுற்றுகள் இருக்கும்.

கிரிக்கெட்டில் வாரியம் எப்படியோ, இங்கே எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அப்படி. இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் இந்தக் கூட்டமைப்புக்குத் தலைமையிடம் சென்னை. விதிகளை வகுப்பது கூட்டமைப்பு, ஒவ்வொரு சுற்றையும் நடத்துவது அந்தந்த ஊர்க் கிளப். தென்னிந்திய ராலியை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பும், கே-1000 ராலியைக் கர்நாடக மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பும் நடத்திவருகின்றன.

ஒரு சுற்றில் நேரம் கூட்டப்படுகிறது. சீசனில் நேரத்தைக் கூட்டுவதில்லை, புள்ளிகளைக் கூட்டுகிறார்கள். கோவையில் 40 விநாடி வித்தியாசத்தில் வென்றாலும் ஒரு விநாடியில் வென்றாலும் கிடைக்கும் புள்ளி ஒன்றுதான். பள்ளியில் ஒவ்வொரு பரீட்சையின் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, ஒவ்வொரு பரீட்சையிலும் எடுத்த ரேங்கை மட்டும் வைத்து ஆண்டின் முதல் மாணவரைத் தேர்ந்தெடுப்பது போல.

உலக ராலியில் 2010 முதல் பல ஆண்டுகள் இருந்த புள்ளி முறையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். முதலிடத்துக்கு 25, இரண்டாமிடத்துக்கு 18, மூன்றாமிடத்துக்கு 15 என்று இறங்கி, பத்தாமிடத்துக்கு 1. ஐந்து சுற்றுகள். அன்பு மூன்று சுற்றுகளை வெல்கிறார், மற்ற இரண்டில் கார் உடைந்து வெளியேறுகிறார். மொத்தம் 75. பாலு நான்கு முறை இரண்டாமிடம், ஒருமுறை மூன்றாமிடம். 72-உம் 15-உம் சேர்ந்து 87. ஒரு சுற்றைக்கூட வெல்லாத பாலு சாம்பியன். இதைக் கேட்டதும் பலர் அநியாயம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரை உடைக்காமல் கொண்டுவந்து சேர்ப்பதும் ராலி ஓட்டுநரின் திறமையில் ஒரு பாதி. அந்தப் பாதியை அளக்க ஒரு சீசன் தேவைப்படுகிறது.

2003 உலகப் பட்டத்தை பெட்டர் சோல்பெர்க் 72 புள்ளிகளோடு வென்றார். செபாஸ்டியன் லோப் எடுத்தது 71. ஓர் ஆண்டு முழுக்க ஓடி, ஒரே புள்ளி.

இப்போது 1998-க்குத் திரும்பலாம். மூன்று சக்கரத்தோடு வெளியேறிய மக்கினனுக்கு இனி புள்ளி கிடையாது. ஸ்பெயினின் கார்லோஸ் சைன்ஸுக்கு நான்காமிடம் வந்தால் போதும், பட்டம் அவருக்கு. கடைசி ஸ்டேஜில் அவர் நான்காமிடத்தில்தான் இருந்தார். முடிவுக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது எஞ்சின் போய்விட்டது. கார் நின்றது. கோ-டிரைவர் லூயிஸ் மோயா இறங்கி, ஆத்திரத்தில் தலைக்கவசத்தைக் காரின் பின்கண்ணாடி மீது எறிந்தார். பட்டம், இரண்டு நாள்களுக்கு முன்பே வெளியேறியிருந்த மக்கினனுக்குப் போனது.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரே ராலி முடிந்ததும் நான்கைந்து பேர் கோப்பையோடு நிற்பார்கள், எல்லோரையும் 'வெற்றியாளர்' என்று எழுதியிருக்கும். எஞ்சின் அளவையும் காரில் எவ்வளவு மாற்றம் செய்யலாம் என்பதையும் வைத்துக் கார்களைப் பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். தேசிய ராலி சாம்பியன்ஷிப்பின் ஆங்கிலச் சுருக்கமான ஐ.என்.ஆர்.சி.யோடு எண் சேர்த்து ஐ.என்.ஆர்.சி. 2, 3, 4 என்பவை அப்படிப்பட்ட பிரிவுகள். மாருதி ஜிப்ஸிக்கென்றே ஜிப்ஸி சேலஞ்ச் என ஒரு பிரிவு இருந்திருக்கிறது. எல்லாப் பிரிவுகளையும் சேர்த்துக் குறைந்த நேரம் எடுத்தவர் ஒட்டுமொத்த வெற்றியாளர். 'தேசிய சாம்பியன்' என்று மட்டும் எழுதியிருந்தால், எந்தப் பிரிவில் என்று பாருங்கள்.

சண்டிகரின் ஹரி சிங் ஐந்து முறை தேசியப் பட்டம் வென்றவர். டெல்லியைச் சேர்ந்த கௌரவ் கில் தேசிய அளவில் தொடங்கி 2013, 2016, 2017 ஆண்டுகளில் ஆசிய பசிபிக் பட்டத்தை எடுத்தார். 2019-இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. மோட்டார் விளையாட்டிலிருந்து அந்த விருதைப் பெற்ற முதல் ஆள் அவர்.

சுருக்கமாக: ஸ்டேஜ் நேரங்கள் சேர்ந்தால் ராலி. ராலியில் எடுத்த இடம் புள்ளியாகிறது. புள்ளிகள் சேர்ந்தால் சீசன்.

## மூடிய சாலை என்றால் மூடிய சாலை

ஸ்டேஜ் தொடங்கும் முன் பூஜ்ய எண் போட்ட கார் ஒன்று போய், வழியில் ஆளோ மாடோ வண்டியோ இல்லை என்று பார்த்துவரும். கடைசிப் போட்டியாளர் போன பிறகு ஸ்வீப் கார் வரும். அது கடந்து, மார்ஷல்கள் அனுமதித்தால்தான் சாலை மறுபடி பொதுச்சாலை. வழியில் நின்றுபோன காரின் ஆட்கள் முக்கோணப் பலகையை வைத்து, பின்னால் வருகிறவருக்கு, யாருக்கும் அடி இல்லை என்றால் பச்சை 'ஓகே' பலகையையோ, உதவி வேண்டும் என்றால் சிவப்பு 'எஸ்.ஓ.எஸ்.' பலகையையோ காட்ட வேண்டும். சிவப்பைப் பார்த்தும் நிற்காமல் போவது பெருங்குற்றம்.

இத்தனையும் இருந்தும் 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில், தேசிய சாம்பியன்ஷிப் சுற்று ஒன்றின் ஸ்டேஜுக்குள் வந்த மோட்டார் சைக்கிளும் போட்டிக் காரும் மோதிக்கொண்டன. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் இறந்தார்கள். அந்த ராலி அத்தோடு நிறுத்தப்பட்டது. குறுக்கே போய்விடலாம், இப்போது ஒன்றும் வராது என்று யாராவது என் பக்கத்தில் சொன்னால் எனக்கு அந்த மூவரின் நினைவுதான் வருகிறது. மார்ஷல் கயிற்றுக்குப் பின்னால் போகச் சொன்னால் தயவுசெய்து போய்விடுங்கள்.

அதேபோல, கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மலைப்பாதைகளிலும் இரவில் விரட்டிக்கொண்டு போய், அதற்கு ராலி என்று பெயர் வைக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பூஜ்ய எண் கார் முன்னால் போகாத, ஆம்புலன்ஸ் நிறுத்தாத சாலையில் நடப்பது ராலி ஆகாது.

## கைக்கடிகாரத்தோடு போங்கள்

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். யார் முன்னால்? கண்ணால் சொல்ல முடியாது என்றேன். கடிகாரத்தால் ஓரளவு சொல்லலாம்.

கார்கள் இரண்டு நிமிட இடைவெளியில் கிளம்புகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எதிரே உள்ள மரம், மின்கம்பம் என்று ஏதாவது ஒன்றை அடையாளம் வைத்துக்கொண்டு, முதல் கார் அதைக் கடக்கும் விநாடியில் கடிகாரத்தை ஓட விடுங்கள். இரண்டாவது கார் சரியாக 2 நிமிடத்தில் கடந்தால், இருவரும் அதுவரை சமம். 1 நிமிடம் 52 விநாடியில் வந்தால், பின்னால் வந்தவர் இந்த ஸ்டேஜில் அதுவரை 8 விநாடி முன்னால் இருக்கிறார். 2 நிமிடம் 5 விநாடி ஆனால் 5 விநாடி பின்தங்கிவிட்டார். கொங்கு வழக்கில் காடு என்று சொல்லும் அந்த மேட்டு நிலத்தில், காற்றாலை இறக்கையின் சத்தத்துக்கு நடுவே, புழுதியில் முதலில் வந்தவரைவிடப் பின்னால் வந்தவர் வேகமானவர் என்று உங்கள் கைக்கடிகாரமே சொல்லும்.

மூன்றாவது, நான்காவது காருக்கும் இதேபோல் குறித்துக்கொண்டே வாருங்கள். இடையில் ஒரு கார் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை என்றால், அந்த ஸ்டேஜில் எங்கோ ஒரு முக்கோணப் பலகை வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பச்சைப் பலகையாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அடுத்த சத்தத்துக்குக் காத்திருப்பேன்.